காய்ந்துபோன சுவர்

ஊரார் வீட்டுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பவருக்குத் தன் வீட்டுச் சுவரில் மட்டும் பெயின்ட் நிற்பதில்லை. கேலி பேச இது போதாதா?

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் குளியலறை. அவர் வீட்டுக்கு வாசல் அடுத்த தெருவில். அங்கே சிந்தும் தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்கி, செங்கல்லின் மயிரிழைத் துளைகளைப் பிடித்துக்கொண்டு, டீயில் முனை பட்ட ரஸ்க்கில் ஏறுவதுபோல இடுப்புயரம் ஏறிவிடும். பெயின்ட் பொரிந்து உதிரும்.

குளியலறைத் தரையைப் பூசச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் வீட்டைப் பிரித்ததிலிருந்து ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மூத்தவர்தானே, அவரே முதலில் வந்து கதவைத் தட்டட்டும் என்று பெயின்டருக்கு வீம்பு. தட்டுவார் என்ற ஆசையும் இருந்தது. மனைவி இறந்த பிறகு, காத்திருக்கப் பெயின்டருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இந்தத் தடவை, ஈரம் தடுக்கும் பெயின்ட் மூன்று கோட் அடித்தார். இரண்டு மாதமாகியும் ஒரு கொப்புளம் இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவர் சருகாய்க் காய்ந்திருந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போய்ப் பெருமை அளந்தார்.

கடைக்காரர் டப்பாவை அடுக்கியபடியே சொன்னார்: "நீங்க இந்தப் பக்கம் என்ன அடிச்சாலும் தண்ணி உள்ளே ஏறத்தாங்க செய்யும். சுவரே காஞ்சிருக்குன்னா, அந்தப் பக்கம் தண்ணி புழங்கலைன்னு அர்த்தம்."

இருபது வருஷத் தொழிலில் இது தெரியாதா என்ன? பெருமை கண்ணை மறைத்துவிட்டது. அண்ணனும் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவர். வழுக்கி விழுந்து கிடந்தால்? அடுத்த தெருவுக்கு ஓடினார்.

கதவில் பூட்டு. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அவர் மகள் வீட்டோட போயிட்டாரே. ரெண்டு மாசமாச்சு. போற அன்னைக்கு உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு தடவை உங்க வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாராம். நீங்க வேலைக்குப் போயிட்டீங்கன்னு திரும்பி வந்தாரு."

பெயின்டர் பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நம்பர் தரட்டுங்களா?"

"என்கிட்ட இருக்கும்மா. அண்ணன் நம்பர் தம்பிகிட்ட இல்லாம இருக்குமா?"

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணனின் எண்ணை வீட்டைப் பிரித்த அன்றைக்கே அழித்தாயிற்று. அந்தக் கதவைத் தட்டிக் கேட்டால் கிடைத்துவிடும். கை எழவில்லை.