இப்போதைக்கு

...அடுத்து 'புதிய விடியல்' வரும் பார், வந்தே விட்டது, நானும் மைக்கில் புதிய விடியல் என்றேன், காலையிலிருந்து எத்தனை விடியலைத்தான் இந்த வாய் சொல்லும், போர் முடிந்ததிலிருந்து இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களுக்கும் இதே பேச்சு, இந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அதை மொழிபெயர்ப்பதே எனக்கும் பிழைப்பு... கீழே மேடையில் அந்த நாட்டு அமைச்சர் தண்ணீர் குடிக்கிறார், நல்ல மனிதர் போலத்தான் தெரிகிறார், எரிச்சலே அதுதான். அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், 'அவர் சொல்கிறார்' என்று தள்ளி நின்று பேச எங்கள் தொழிலில் இடமில்லை, போன கூட்டத்தில் அவர்களுடைய தளபதிக்காக 'என் வீரர்கள் தீரமாகப் போரிட்டார்கள்' என்று வாய் கூசாமல் சொன்னேன், அந்த வீரர்களிடம்தான் என் தம்பி பிடிபட்டான். உயிரோடு பார்த்ததாகத் திரும்பி வந்த ஒருவன் சொன்னான், அந்த ஒரு பேச்சை வைத்துத்தான் அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், சிறையில் இளைத்திருப்பான் என்று அவன் சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைத்து வைத்திருக்கிறாள்... காலையில் வாசலை மறித்துக்கொண்டு, "இன்னிக்குக் கைதிங்களப் பத்திப் பேசுவாங்களாமே, காதக் குடுத்துக் கேளுடி, நானும் ரேடியோ முன்னாடிதான் இருப்பேன்" என்றாள்.

கேட்கிறேன் அம்மா, கேட்டுக்கொண்டே பேசுகிறேன்... அமைச்சர் கோப்பையை வைத்தார், 'ஒரு நல்ல செய்தி' என்றார், நானும் நல்ல செய்தி என்றேன், 'கைதிகள் அனைவரையும் அனுப்பிவிட்டோம்' என்றார், சொன்னேன், அனைவரையும் என்றால், அவன் வரவில்லையே, அப்படியென்றால் என்ன அர்த்தம், யோசிக்க எங்கே விடுகிறார், அடுத்ததும் வந்துவிட்டது, என் வாய் அதன் பாட்டுக்கு, "எங்களிடம் இப்போதைக்கு யாரும் இல்லை" என்றது.

கீழே கைதட்டல். பக்கத்து நாற்காலியில் என்னோடு முறை மாற்றிப் பேசும் அண்ணன் எட்டி என் மைக்கை அணைத்தார். "அவர் இப்போதைக்குன்னு சொல்லலையேம்மா."

"தெரியும்ண்ணே."

"திருத்திடு. எத்தனை வீட்டுல கேட்டுட்டிருப்பாங்க." அதட்டவில்லை, பாவம், அவருக்கு என் தம்பியைத் தெரியும், ஆனாலும் தப்பாகச் சொன்ன வாய்தான் திருத்த வேண்டும், அது எங்கள் வழக்கம்... எத்தனை வீடு, ஆமாம், எத்தனை அம்மாக்கள் இந்நேரம் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்களோ, மேடையில் இருப்பவர்கள் பக்கம் பக்கமாக நம்பிக்கை பேசியும் கொடுக்காததை நான் ஒரே சொல்லில் கொடுத்துத் தொலைத்தேனே, கொடுத்ததைப் பிடுங்கவும் நானேதானா... கைதட்டல் ஓயப் போகிறது. மைக்கைப் போட்டேன். "திருத்தம். எங்களிடம் யாரும் இல்லை." குரல் பிசிறவில்லை, வெட்கமாக இருந்தது, தம்பியை நானே முடித்துவிட்டேன் போல இருந்தது, அழ வேண்டும், அமைச்சர் விடுவாரா, எதிர்காலம் என்று ஆரம்பித்துவிட்டார், நானும் எதிர்காலம் என்றேன்... அம்மாவை எனக்குத் தெரியும், திருத்தம் அவள் காதில் ஏறியிருக்காது, முதலில் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பாள், வீட்டுக்குள் கால் வைத்ததும் 'இப்போதைக்குன்னுதானேடி சொன்னாங்க' என்று கேட்பாள், ஆமாம்மா என்றுதான் என் வாயில் வரும், அங்கே என்னைத் திருத்தப் பக்கத்து நாற்காலியில் யாரும் இருக்க மாட்டார்கள்.