புகைக்கூடத்தில் ஊதிய சங்கு

எங்கள் வீட்டுச் சங்கும், சேமக்கலம் என்கிற வெண்கலத் தட்டு மணியும் என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தவை. மலாயாவில் இந்தப் பெக்கோக் பக்கத்தில் எங்கள் ஆட்கள் வீட்டில் சாவு விழுந்தால், முதலில் என் வாசலுக்குத்தான் வருவார்கள். வெளி அறைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். சங்கை நீட்டி ஊதி நிறுத்திச் சேமக்கலத்தில் ஓர் அடி. அந்தச் சத்தம் கேட்டால் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர்கள் கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். யாரும் இரவல் வாங்காமல் அது கேட்டால் சாவு என் வீட்டில் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

பெக்கோக்கில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகன் கதிரேசுவும் ரயில்வேயில்தான் இருந்தான். ரப்பர் விலை விழுந்த வருஷம் ஆட்குறைப்பில் வேலை போயிற்று. வீட்டில் வயலின் வாசித்துக்கொண்டு கிடந்தவனை, மூடிப்போன தோட்டத்தின் சின்னத் துரை கண்டுபிடித்துவிட்டான்.

தோட்டத்துப் புகைக்கூடம் ஸ்டேஷனுக்குப் பின்னால் மேட்டில் இருந்தது. ரப்பர் தாள்கள் புகையில் உலரத் தொங்கிய கழிகளில் இப்போது தகரத் தகடுகளைத் தொங்கவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து வெள்ளைக்காரர்களும், லாபிஸிலிருந்து கிராமபோன் கடைச் சீனனும் கச்சேரி என்று வந்து கூடுவார்கள். ஒருமுறை வாசலில் நின்று பார்த்தேன். துரை ரப்பர் அழுத்தும் எந்திரத்தை வெறுமனே சுற்றினான். சீனன் ஓர் இசைத்தட்டில் நடுவை விட்டுத் தள்ளி வேறு துளை போட்டு ஓடவிட்டான். தட்டில் பாடியவளின் குரல் விக்கி விக்கி அழுதது. என் மகன் ஒலித்துக்கொண்டிருந்த மணியைத் தண்ணீர்ப் பீப்பாயில் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான். பெஞ்சுகளில் இருந்தவர்கள் கோயிலில் போலக் கண்ணை மூடியிருந்தார்கள்.

"இது என்ன ராகம்?" என்று வீட்டில் கேட்டேன்.

"ராகமில்லை அப்பா. சத்தம்."

"சத்தத்தைக் கேக்க டிக்கெட் எடுத்து வாறாங்களோ? எங்கட ஸ்டேஷனில சும்மா நிண்டாலே கேக்கலாமே."

"அதைத்தான் அப்பா நாங்களும் சொல்லுறம்," என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அதே மாதம் என் மகள் சரோஜினிக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தது. குளுவாங் சிற்றம்பலத்தின் மகன், ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசர். சாதகம் பார்த்து, குடும்பம் பார்த்து, சம்மதம் சொல்லி வருகிற நாளும் குறித்தாயிற்று. சரோஜினிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இது தவறினால் இந்த நாட்டில் எங்கள் தரத்துக்கு வேறு இடமில்லை. மாப்பிள்ளை வீட்டாரை ஸ்டேஷனில் போய் அழைத்து வருவது பெண்ணின் சகோதரன். பெண்ணின் தகப்பன் வாசலில்தான் நின்று வரவேற்பான். அது எங்கள் முறை.

அன்றைக்கே மத்தியானம் புகைக்கூடத்திலும் கூட்டம் வைத்திருந்தார்கள். ரயில் பிந்தித்தான் வரும், முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று கதிரேசு எண்ணியிருக்கிறான். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த ரயில் நேரத்துக்கு வந்ததே இல்லை. அன்று வந்தது.

குளிர்காய்ச்சல் விட்டு அன்றுதான் நான் எழுந்து, சால்வை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி செல்லப்பாக்கியம் கோப்பி கொண்டுவந்து கையில் தந்தாள். அப்போது மேட்டிலிருந்து சங்கு கேட்டது. பிறகு சேமக்கலம்.

"இஞ்சாருங்கோ, அது எங்கட சங்கெல்லோ!" என்றாள்.

வெளி அறைப் பெட்டி திறந்து கிடந்தது.

சற்று நேரத்தில் தோட்டத்துக் கருப்பாயி தலைவிரி கோலமாக, மாரில் அடித்துக்கொண்டு வாசலுக்குள் வந்தாள். பின்னால் பெண்கள் கூட்டம்.

"ஸ்டேசன் அய்யா, எங்கள விட்டுப் போயிட்டீங்களே..." என்று தொடங்கியவள் என்னைக் கண்டதும் வாயைப் பொத்தினாள். "அய்யோ சாமி! அய்யா உக்காந்து காப்பி குடிக்கிறாங்க!"

"அப்ப யாருடி செத்தது?" என்றாள் பின்னால் நின்றவள்.

ஸ்டேஷன் போர்ட்டர் வேலு மூச்சிரைக்க ஓடி வந்தான். "அலமாக்! அய்யா நல்லாத்தான் இருக்கீங்களா? குளுவாங்காரங்க தட்டோட இறங்கி நிக்கிறாங்க. கூப்பிட ஆளு வரல. சங்குச் சத்தம் கேட்டு என்னன்னு கேட்டாங்க. அய்யாவுக்கு வேற காய்ச்சலா, நான்தான் பெரியவரு போயிட்டாரு போலன்னு சொல்லிப்புட்டேன். எதிர் ரயில்ல திரும்பிடலாம்னு நிக்கிறாங்க. நீங்க வந்து மொகத்தக் காட்டுனா போதும்ங்க. நாலு எட்டுதான்."

செல்லப்பாக்கியம் என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "போங்கோ. பிள்ளைக்காகப் போங்கோ."

"பெண்ணைப் பெத்தவன் பிளாட்பாரத்தில போய், நான் சாகேல்லை, வாங்கோ எண்டு கையைப் பிடிச்சு இழுக்கிறதோ? நீர் எழும்பும். வேலு, நான் இருக்கிறன் எண்டு போய்ச் சொல்லு. வாறதெண்டால் வரட்டும்."

சரோஜினி கூறைச்சேலை நிறத்தில் ஒரு பட்டு உடுத்து அறை வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். தாயைப் போலப் போகச் சொல்லிக் கேட்கவில்லை. என் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

வேலு போய்ச் சேர்ந்தபோது சிற்றம்பலம் வண்டியில் ஏறியிருந்தார். "அவர் இருக்கிறது சந்தோசம். ஆனால் நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில சாச்சங்கு கேட்டுப்போட்டுது. இனி அந்த வாசல் மிதிக்கேலாது," என்றாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் கதிரேசு சங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"இந்த ஊரில எல்லாரையும் எழுப்பி நிப்பாட்டுற சத்தம் அது ஒண்டுதான் அப்பா. கதவைச் சாத்தினால் வெளியில கேக்காது எண்டு நினைச்சன்."

"உன்ர ஆட்கள் எழும்பினவையோ?"

"எழும்பிக் கைதட்டினவை," என்று தலையைக் குனிந்தான்.

வேறு சம்பந்தம் வரவில்லை. விசாரித்தவர்களும் சங்கு ஊதின வீடா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சங்கை நான் பெட்டியில் பூட்டினேன். புகைக்கூடத்துக்காரர்கள் சீனன் மூலமாக வேறொரு சங்கு வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் நடக்கிற நாளெல்லாம் அது கேட்டது. முதலில் தோட்டத்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். பிறகு தலையை மட்டும் நிமிர்த்தினார்கள். பிறகு அதுவும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் செல்லப்பாக்கியம் காய்ச்சலில் போனாள். பெட்டியைத் திறந்து சங்கைக் கதிரேசுவிடம் கொடுத்தேன். முற்றத்தில் நின்று, உதடு வெடிக்க, மத்தியானம் வரை ஊதினான். ஒருவரும் வரவில்லை.

"ஆளனுப்பிச் சொல்லட்டோ அப்பா?" என்றாள் சரோஜினி.

சாவுக்கு அழைப்புச் சொல்லி ஆள் சேர்க்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதைச் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தாயின் தலைமாட்டில் குத்துவிளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, தனியே உட்கார்ந்தாள்.