குசினிக் கதவடி வெளிச்சம்

அண்ணன் நடராசா கனடாவிலிருந்து கமரா அனுப்பியபோது சத்தியபாமாவுக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை. மடத்துவெளியில் அவருடைய பெரிய வீட்டை ஒற்றை ஆளாய்க் காத்துக் கிடந்தவள், இனிக் கள்ளர் பயம் இல்லையென்று நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

கமராவைச் சுவரில் பூட்ட வந்த பெடியன் ஜெனோசன் பெட்டியைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, இது வெளிச்சம் இருக்கிற இடத்துக்குத்தான் சரி. கிணத்தடி கும்மிருட்டு. ஒண்டில் அங்கை லைற் போடவேணும், இல்லாட்டி இருட்டிலையும் பாக்கிற கமரா எடுக்கவேணும்."

அதை அண்ணனுக்குப் போனில் சொன்னாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இஞ்சை என்ரை வாசலிலையும் இதே கமராதான். ராவிலையும் பகல் மாதிரித் தெரியுது. உந்தப் பெடியன் எனக்குப் படிப்பிக்கிறானோ?"

அவர் வாசலில் தெருவிளக்கு விடிய விடிய எரிகிறது. இந்த ஒழுங்கையில் விளக்குக் கம்பமே இல்லை. அது அவருக்கு எங்கே உறைக்கப்போகிறது! கமரா பின்வளவைப் பார்த்தபடி ஏறியது. வளவு முழுக்க இருட்டு, சமைக்கிற குசினிக் கதவடியில் மட்டும் ஒரு பல்ப். ஆக, கனடாவிலிருந்து போனில் கமராவைப் பார்க்கிற அண்ணனின் கண்ணில் இரவில் பட்ட ஒரே சீவன் அவள்தான்.

ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் கிணற்றடி மோட்டரைக் காணவில்லை. பதறியடித்து அண்ணனுக்குச் சொன்னாள். அவர் பதிவைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தார்.

"ராத்திரி உரப்பையிலை என்னத்தைத் தூக்கிக்கொண்டு போனனி?"

"பொச்சுமட்டை அண்ணை, அடுப்புக்கு."

"கமராவிலை உன்னைத் தவிர ஒரு குருவிகூட இல்லை."

"வெளிச்சத்துக்கை நிண்டது நான்தானே! கிணத்தடியிலை யானை வந்து நிண்டாலும் உங்களுக்குத் தெரியுமே?"

"கமரா பொய் சொல்லாது. வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வளவு ரஜீபனட்டைக் குடுத்திட்டு வெளிக்கிடு."

அவள் போனை வைத்தாள். படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்தாளே, புயலுக்குப் பறந்த ஓடுகளை ஆள் பிடித்து மாற்றினாளே, அதெல்லாம் எந்தக் கமராவில் இருக்கிறது? உடுப்புகளைப் பையில் திணித்தாள். குசினி பல்பின் சுவிச்சைத் தட்டி நூர்த்தாள். வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு, பொழுதுபடுகிற நேரம் பஸ்ஸுக்கு நின்றாள். போன் அடித்தது.

"என்ன பாமா, ஒண்டும் தெரியேல்லை! லைற்றைப் போட்டிட்டெல்லே போயிருக்கவேணும்!"

"நீங்கள் பிடிச்ச கள்ளி வெளிக்கிட்டிட்டாள் அண்ணை. இனி ஆரைப் பாக்கிறதுக்கு வெளிச்சம்?"