ஃபில்டர் ஓடிய ஆயுதபூஜை

எங்கள் பூனையின் சிறுநீரக வேலையைச் சித்திரை மாதத்திலிருந்து வீட்டுக் காபி ஃபில்டர்தான் பார்த்து வருகிறது. கால்நடை மருத்துவர் சோதித்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன, இனி அவற்றை நம்பிப் பிரயோஜனமில்லை, வீட்டில் வடிகட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால் பொறுப்பை ஒப்படையுங்கள் என்றார். கும்பகோணத்தில் அதற்கா பஞ்சம். என் கல்யாணச் சீரில் வந்த பித்தளை ஃபில்டரைக் கழுவி, பூனை படுக்கும் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன். நாங்கள் டீக்கு மாறினோம்.

பூனையின் பெயர் தாசில்தார். பெயருக்காக அவரைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவோம். தினமும் ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலை மாட்டுவேன். என் கணவர் கலியமூர்த்தி பிடரித் தோலைத் தூக்கிப் பிடிக்க, நான் ஊசியைச் செருகுவேன். சந்தைக் கூட்டத்துக்குள் அரசுப் பேருந்தை அநாயாசமாக ஓட்டுகிற மனிதர், ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சலைன் உள்ளே போகப் போக, ஃபில்டரின் கீழ்ப் பாத்திரத்தில் கெட்டதெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கும். கருவாடு அடியோடு நிறுத்தம். மருத்துவர் எழுதிக் கொடுத்த கூழை வைத்தால், தாசில்தார் அதைப் பல்லி விழுந்த பாலைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஆயுதபூஜைக்கு என் நாத்தனார் வேம்பு வந்திருந்தாள். வீட்டில் உழைக்கிற எதையும் விட்டுவிடக் கூடாது என்பது அவள் கொள்கை. அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்பானர் இவற்றோடு ஃபில்டரையும் பூஜையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டாள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சொட்டுவது நின்றிருந்தது. பூஜையில் வைத்த கருவி மறுநாள்வரை வேலை செய்யக் கூடாது. விதி தெரிந்த பாத்திரம்.

மத்தியானத்துக்குள் தாசில்தார் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டுக் குடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். வாயில் மூத்திர வாடை அடித்தது. மறுநாள்வரை தாங்க மாட்டார் என்று தெரிந்தது. எனக்கு அழுகையும் வந்தது, வேம்புவைக் கடித்துக் குதற வேண்டும் போலவும் இருந்தது.

"நான் என்ன பண்ணுவேன் அண்ணி? வெச்சது வெச்சதுதான். நாளைக்குப் புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும்."

டிப்போவிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு வந்த கணவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"காலையில எங்க பஸ்ஸுக்கும்தான் பூஜை போட்டோம். வாழைக்கன்னு கட்டி, எலுமிச்சம்பழத்துல ஏத்தி இறக்கி, அடுத்த டிரிப்புக்கே கெளம்பிருச்சே."

"அது வண்டிண்ணே. வண்டின்னா ஓடணும்."

"அப்ப இதையும் ஓட்டிருவோம்."

வேம்பு யோசித்துப் பார்த்து, முறை சரிதான் என்றாள். ஃபில்டரின் இரண்டு பக்கமும் வாழை இலைக் கீற்றைக் கட்டினோம். மல்லிகைச் சரத்தை மாலையாகப் போட்டோம். முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். கணவர் ஃபில்டருக்குப் பின்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் விசில் கொடுத்தேன்.

"போலாம் ரைட்," என்றாள் வேம்பு.

ஃபில்டர் நகர்ந்து பழத்தருகே வந்து முட்டி நின்றது. லேசான பாத்திரம், ஏறவில்லை. கூடையில் தாசில்தார் கண்ணை மூடிவிட்டார். கணவர் கூடைப் பக்கம் திரும்பவே இல்லை. கியரைக் குறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். ஃபில்டர் முனகிக்கொண்டே ஏறியது. பழம் நசுங்கிச் சாறு சுவர்வரை தெறித்தது. அப்படியே கூடத்தைக் கடந்து, கூடையருகே ஒடித்துத் திருப்பி நிறுத்தினார். நான் பாட்டிலை மாட்டி ஊசியைச் செருகினேன். முதல் சொட்டு விழுந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் தாசில்தார் எழுந்தார். தள்ளாடாமல் மணல் தொட்டிக்குப் போய், ஒரு சொம்பு அளவுக்கு மூத்திரம் பெய்தார். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அதைக் கணவரிடமே சொன்னேன். தனக்கும் அப்படித்தான் என்றார். வேம்பு தொட்டிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். தாசில்தார் கூழை நக்கித் தின்று கிண்ணத்தையும் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை, அடுப்படிப் பொந்தில் குடியிருந்த எலிகள் குடும்பத்தோடு வந்து நின்றன. செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தன. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயாவுக்கு ஒடம்பு தேறிருச்சுன்னு கேள்விப்பட்டோம். நாங்க காலி பண்ணிக்கிறோம்."

பொந்துச் சாவியை நீட்டினார். தாசில்தார் தூங்கிக்கொண்டிருந்ததால் நானே வாங்கி வைத்தேன்.