மாட்டுத்தடம்

கார் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்ததுதான் கொடுமை. லிட்டில் மிசோரி ஆற்றை ஒட்டிய அந்தக் குன்றின் உச்சியில் நின்றபோதும் தெரிந்தது. பாதையை விட்டு இறங்கி, சப்பாத்திக்கள்ளியில் முழங்கால் கிழிந்து, ஆர்லிஸ் களிமண்ணில் வழுக்கி உட்கார்ந்தபோதும் தெரிந்தது. கிட்டே மட்டும் வரவே இல்லை.

உச்சியில் இருந்தபோதுதான் மகள் ப்ரிட்டாவிடமிருந்து போன் வந்தது. "அம்மா, வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கேன். நீ வந்துடுவல்ல?"

முதல் பிரசவத்தில் தனியாகக் கிடந்து அலறியவள் அவள். மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை. அன்றைக்கும் வர முடியவில்லை, இன்றைக்கும் முடியாது. இந்த முறை பக்கத்திலேயே இருப்பேன் என்று ஆர்லிஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் கிடக்கிறதே என்றுதான் புருஷனோடு குன்றேற வந்தாள்.

"வந்த பாதையிலேயே இறங்கிடலாம், டெல்மர்."

"அவ்வளவு தூரம் சுத்திக்கிட்டா? கார் இதோ இருக்கு! மாட்டுத்தடம் ஒண்ணு நேரா இறங்குது பாரு. மாடு தப்பான வழியில கால் வைக்காது, ஆர்லி. காலமெல்லாம் மாடு மேய்ச்சவன் சொல்றேன்."

மாடு மேய்த்தவனிடம் மாட்டைப் பற்றி வாதாடி ஜெயிக்க முடியுமா? பின்னாலேயே போனாள்.

தடம் முதலில் நன்றாகத்தான் இறங்கியது. பிறகு ஒரு பள்ளத்தைச் சுற்றியது, ஜூனிபர் புதருக்குள் நுழைந்தது, மறுபடி மேலே ஏறியது. முந்தின நாள் மழையில் ஊறிய களிமண் பூட்ஸில் அப்பிக்கொண்டு கால் கல்லாய்க் கனத்தது. போனில் சிக்னல் செத்துப்போயிருந்தது. "இதோ, இந்தத் திருப்பம்தான்" என்று டெல்மர் ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னான்.

கடைசித் திருப்பத்தில் ஒரு பாறைத்திட்டு. நடுவே, மாடுகளுக்கென்று யாரோ கொண்டுவந்து வைத்து, அவை நக்கி நக்கிக் குழிவிழுந்த ஓர் உப்புக்கட்டி. அதைச் சுற்றி மூன்று செவலை மாடுகள். திட்டுக்கு அப்பால் நேர்க்குத்தான பள்ளம், அடியில் கார்.

மாடுகள் அசைபோட்டபடி இவர்களைப் பார்த்தன. ஆர்லிஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாடு தப்பான வழியில வரல, டெல்மர். அதுக்கு உப்பு வேணும், வந்திருக்கு. அதுக்குக் கார்ல என்ன வேலை? சொல்லேன், என்ன வேலை?"

"இந்த ஓரமா மெதுவா இறங்கிப் பார்த்தா…"

"வாயை மூடிக்கிட்டு ஏறு!"

ஏறினார்கள். ஏறிய தூரத்தில் பாதி சறுக்கியது. அவனைத் திட்டினாள், மாட்டைத் திட்டினாள், உப்பைக் கொண்டுவந்து வைத்த புண்ணியவானைத் திட்டினாள். தலையாட்டிக்கொண்டு பின்னால் போன தன்னைத்தான் அதிகம் திட்டிக்கொண்டாள்.

உச்சிக்கு வந்ததும் போனுக்கு உயிர் வந்தது. 'எங்கம்மா இருக்க?' 'அம்மா, எடேன்.' வரிசையாக வந்து விழுந்தன. உடனே அழைத்தாள்.

ப்ரிட்டாவின் குரல் களைத்திருந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "பொண்ணும்மா. நல்லா இருக்கா. எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"கண்ணு, நான் வந்து…"

"பரவால்லம்மா. நர்ஸ் கூடவே இருந்தாங்க. நீ நிதானமா வா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

டெல்மர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன சொல்றா?"

"அவசரமில்லையாம்" என்று சொல்லிவிட்டு, ஆர்லிஸ் பாதையில் இறங்கி ஓட ஆரம்பித்தாள்.