கெசியாவுக்கு வந்த அட்டைகள்

என் மனைவி கெசியாவுக்கு வானொலியில் வேலை கிடைத்தது தொண்ணூற்று நான்காம் வருடம், ஜூன் மாதம். பாளையங்கோட்டையில் ஒரு தொடக்கப் பள்ளியில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். வானொலி அதற்கு மேல் இன்னொரு வேலை. தற்காலிக அறிவிப்பாளர் என்று பெயர். மாதம் ஆறு டூட்டி, பெரும்பாலும் சனி, ஞாயிறு காலையில். பள்ளித் தாளாளரிடம் அனுமதி வாங்க அவளோடு கூடப் போனவன் நான்தான்.

"ரெண்டு வேல பாத்தா ஒடம்பு தாங்குமா?" என்று தாளாளர் கேட்டார்.

"தாங்கும் ஐயா. வீட்டு வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

முதல் சனிக்கிழமை அவளை டிவிஎஸ்ஸில் கொண்டு போய் விட்டுவிட்டு வந்து, அடுப்பில் இட்லியை வைத்துக்கொண்டு ரேடியோவைத் திருப்பினேன். "நேரம் ஆறு மணி முப்பது நிமிடம்" என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குரலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணமான புதிதில் என்னிடம் அப்படிப் பேசியிருக்கிறாள். இப்போது வீட்டில், "ஏங்க, கேஸ் தீந்துட்டு, பதிஞ்சியளா?" என்பதுதான் பேச்சு. முகம் தெரியாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் அந்தச் சிரிப்பு போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் நான் தனியாக உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு அவளைப் பற்றித்தான் கேட்டார்கள். கிருபைராஜ் என்கிற என் பேர் எல்லாருக்கும் மறந்து, 'ரேடியோக்காரம்மா வீட்டுக்காரர்' ஆகிவிட்டேன்.

நான் தபால் ஆபீஸில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற வேலை பார்த்தேன். வானொலி நிலையத்துக்கு வருகிற கடிதமெல்லாம் என் மேசை வழியாகத்தான் போக வேண்டும். ஆகஸ்டில் அவள் பேருக்கே நேயர்களிடமிருந்து தபால் அட்டைகள் வரத் தொடங்கின. பக்கத்து மேசை காஜா முகைதீன் ஓர் அட்டையை எடுத்து எல்லாரும் கேட்கும்படி வாசித்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து சிவசைலம் என்பவன் பச்சை மையில் எழுதியிருந்தான். 'அறிவிப்பாளர் கெசியா அவர்களுக்கு. நீங்கள் வணக்கம் சொன்ன பிறகுதான் நான் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பேன்.'

"வே கிருபை, ஒமக்குப் போட்டிக்கு ஆள் வந்துட்டான் வே!" என்று காஜா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் பச்சை மை மறுபடி வந்தது. அதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இருபது வருஷ சர்வீஸில் யாருடைய கடிதத்தையும் நான் அப்படி எடுத்ததில்லை. அன்று எடுக்குமுன் காஜா பார்க்கிறாரா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் பார்க்கவில்லை. பிறகு, 'கெசியா' என்று பேர் போட்டு வந்த எல்லா அட்டையையுமே எடுக்கலானேன். கடையநல்லூர்ப் பெண்பிள்ளை எழுதியதைக்கூட விடவில்லை. வீட்டில் என் பழைய பெட்டியில், கல்யாண வேட்டிக்கு அடியில் அவற்றை வைத்தேன்.

கெசியாவிடம் மாற்றம் தெரிந்தது. "மத்தவங்களுக்கெல்லாம் லெட்டர் வருது. எனக்கு மொதல்ல ரெண்டு மூணு வந்துது, இப்ப ஒண்ணுகூட வரமாட்டேங்குது. என் கொரலு சரியில்லையோ?" என்று கேட்டாள். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளித்தாள். பேப்பரைச் சத்தமாக வாசித்துப் பழகினாள். நேயர் கடிதம் வாசிக்கிற நிகழ்ச்சி அவளுக்கு வருவதாக இருந்தது; அதைப் புதிதாக வந்த இன்பமணிக்குக் கொடுத்தார்கள். நேயர் கடிதம் வருவதில்லை என்று காரணம் சொல்லி, டிசம்பரில் ஆறு டூட்டியை இரண்டாகக் குறைத்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜனவரியில் ஒரு நாள் கடிதம் பிரிக்கும்போது பச்சை மை கண்ணில் பட்டது. 'அறிவிப்பாளர் இன்பமணி அவர்களுக்கு.' அதே சிவசைலம்தான். நீங்கள் வணக்கம் சொன்ன பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பேன் என்று அதையே எழுதியிருந்தான்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஏன் வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன்.

அட்டையில் இருந்த விலாசப்படி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் அவனுடைய தையல் கடை இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல களையான முகம். சட்டை தைக்க அளவு கொடுப்பது போல நின்றுகொண்டு ரேடியோவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன்.

"முன்னால கெசியான்னு ஒரு அம்மா பேசுவாங்களே, நல்லா இருக்குமே?" என்றேன்.

"அந்தம்மா பேச்ச விடுங்க அண்ணாச்சி. பதினாறு லெட்டர் போட்டேன். ஒரு நாள் என் பேரச் சொன்னதில்ல. பேசுதது தேவதை மாதிரி, உள்ளுக்குள்ள அம்புட்டும் தலக்கனம். மதிக்காதவங்களுக்கு எதுக்கு எழுதணும்? கைய நல்லாத் தூக்குங்க."

கையைத் தூக்கினேன். தலைக்கனமாம், கெசியாவுக்கு! ஸ்கூல் ஆயா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோய் ஊட்டியவள் அவள். 'தப்பு அவ மேல இல்ல, அட்டையெல்லாம் என் பெட்டில கெடக்கு' என்ற வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அளவு கொடுத்துவிட்டு, பொய்யாக ஒரு பேரையும் சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கெசியா வாசலில் நின்று தொண்டை கொப்பளித்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். மொத்தம் நாற்பத்து மூன்று. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எப்பருந்து?"

"ஆகஸ்ட்டு."

"இது வெளிய தெரிஞ்சா ஒங்க வேல போயிரும்."

"போகும்."

"எனக்கு ரெண்டு வேல இருந்துது. ஒண்ணு வயித்துக்கு. இது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துது. இதப் போயிக் கெடுத்துட்டியளே" என்றாள். அழவில்லை. "அந்த டெய்லர் மேல சந்தேகமா?"

"அப்பிடித்தான் நெனச்சேன். அது இல்ல. எல்லாருக்கும் ஒன்னயத் தெரியுது. என்னய ஒன் வீட்டுக்காரன்னு மட்டுந்தான் தெரியுது. அது எனக்குத் தாங்கல கெசியா."

அவள் அட்டைகளைத் தன் ஸ்கூல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நிலையத்தில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இடைவேளை நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். 'உங்கள் கடிதம் தாமதமாகக் கிடைத்தது, மன்னிக்கவும்.' என்னிடம் தரவில்லை. அவளே தபால் பெட்டியில் போட்டாள். அட்டைகள் மறுபடி வந்தன. என் மேசையில் ஒன்றுகூடத் தங்கவில்லை. மே மாதம் டூட்டி ஐந்தாகியது.

ஆனால் வீட்டில் ரேடியோ பற்றிய பேச்சு நின்றுபோனது. முன்பெல்லாம் ஸ்டூடியோவில் யார் தும்மினார்கள் என்பது வரை சொல்லுவாள். இப்போது என்னோடு டிவிஎஸ்ஸிலும் வருவதில்லை. டவுண் பஸ்ஸில் போய் வருகிறாள். கோபமாக இருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஜூலையில் ஒரு நாள் மார்க்கெட் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தேன். ரேடியோவில் அறிவிப்பு வந்தது. அடுத்த வாரத்திலிருந்து நேயர் கடிதம் நிகழ்ச்சியை வழங்கப்போவது கெசியா. "நல்ல கொரலு அண்ணாச்சி, அந்தம்மாவுக்கு" என்றார் டீக்கடைக்காரர். எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில்தான் விஷயம் தெரிந்திருந்தது. அவர் மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்குப் போய், அவளாகச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"காய் என்ன வாங்குனிய?" என்று கேட்டாள்.

"கத்திரிக்கா" என்றேன்.