நல்லதம்பி கேட்ட அவகாசம்

அருள்குமார் புது மண்சட்டியின் கழுத்தில் கடைசிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது, நர்மதா எதிரே வந்து நின்று கையை நீட்டினாள்.

"அண்ணா, அத நான் எடுத்துக்கறேன்."

முடிச்சின் மேல் அவன் விரல்கள் அப்படியே நின்றன. அவன் அவளைப் பார்க்கவில்லை. பந்தற்காலில் சாய்ந்து அமர்ந்திருந்த தன் தந்தை காளிச்சாமியைப் பார்த்தான். ஆண்மகவு இல்லாத தம்பிக்கு அண்ணன் மகன் தீச்சட்டி ஏந்துவது அக்குடியில் தொன்றுதொட்டு வரும் வழக்கு. விடியலில் நர்மதாவின் தந்தை நல்லதம்பியின் மூச்சு அடங்கியதிலிருந்து அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை; பேசுவதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக யாரும் எண்ணவுமில்லை.

"அதென்ன அம்மிணி புதுப் பழக்கம்?" என்றார் ராஜசேகர். எல்லைக்கு அப்பால் ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பங்காளி அவர். "பொம்பளப் புள்ள சட்டி தூக்கி எங்கூர்ல பாத்ததில்ல."

"அப்பாவே சொல்லியிருக்காருங்க சித்தப்பா. அம்மாவக் கேளுங்க."

உள்ளே கணவனின் தலைமாட்டில் இருந்த சரஸ்வதியம்மாள், காலையிலிருந்து வந்தவர்க்கெல்லாம் சொன்னதையே மறுபடியும் சொன்னாள்.

"தண்ணி கேட்டாருங்க. ரெண்டு வாய் குடிச்சாரு. அப்பறம், 'நர்மதாவுக்கு அவகாசம் குடுங்க'ன்னாரு. அவ்வளவுதானுங்க."

அந்த ஒரு சொல் முற்றத்தில் இரண்டாகப் பிளந்தது. கேரள எல்லையோரத்து எருத்தேன்பதியில் வீட்டுக்குத் தமிழும் அலுவலகத்துக்கு மலையாளமுமாக ஒரே வாயில் இரு மொழிகள் குடியிருக்கும். தமிழில் அவகாசம் என்றால் காலம். மலையாளத்தில் அதுவே உரிமை.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று ராஜசேகர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "அவகாசம்னா டைமு. புள்ள திருச்சூருல இருந்து வரோணும், மூஞ்சி பாக்கோணும், அதுவரைக்கும் எடுத்தறாதீங்கன்னு சொல்லியிருக்காரு. வந்தாச்சு, பாத்தாச்சு. பொழுது எறங்குது."

"வில்லேஜ் ஆபீசுல, பஞ்சாயத்துல எல்லாம் அப்பா அவகாசம்னா உரிமைன்னுதானுங்க பேசுவாரு."

"சாகற மனுசன் வில்லேஜ் ஆபீசுலயா படுத்திருந்தாரு?"

பின்னால் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

பந்தலில் போட்டிருந்த நாற்காலிகள் ஊர் நூலகமான வாயனசாலையுடையவை. இன்று மாலை அவள் அங்கே பேசுவதாக இருந்தது. திருச்சூரில் சட்டம் கற்பிக்கும் அவள், மாதந்தோறும் ஒருநாள் ஊருக்கு வந்து பிற நாடுகளின் சட்டங்களையும் நாடுகளுக்கிடையிலான சட்டங்களையும் பொதுமக்களுக்கு விளக்கிப் பேசுவாள். கடலில் ஒரு நாட்டின் எல்லை எதுவரை, புகலிடம் தேடி வந்தவரைத் திருப்பியனுப்பலாமா, வேறு தேசத்தில் சொத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்றெல்லாம் பேச்சு போகும். பேச்சுக்குப் பின் கேள்விகள் எழும். நாற்காலிகளை விரித்துப் போடுவது நல்லதம்பியின் திருப்பணி. கோயிலில் கருவறைக்கு நேரே நிற்பவரைப் போல முதல் வரிசையில் கைகட்டி அமர்வார். அங்கே அவளை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகமுங்க," என்று போன மாதம் அவர் எழுந்தபோதே அவையில் சிரிப்பு தொடங்கிவிட்டது.

இரு மொழிகளில் எழுதப்படும் உடன்படிக்கைகளைப் பற்றி அன்று பேசியிருந்தாள். நல்லதம்பி தம் இளமைக் கதையைச் சொன்னார். கிணற்றடி நிலத்தைப் பற்றிக் கேட்கப் போனவரிடம் அதிகாரி, "நிங்ஙள்க்கு அவகாசமுண்டு" என்றாராம். நேரம் இருக்கிறதென்று கொண்டு வீட்டுக்கு வந்தவர், நிலக்கடலை பிடுங்கி முடித்துத்தான் மறுபடி போனார். அதற்குள் மனுக் கொடுக்கும் கெடு கழிந்து, உரிமையும் போய்விட்டது.

"நாடும் நாடும் இப்படி எழுதி வெச்சுக்கிட்டா யாரு பக்கமுங்க தீர்ப்பு?"

எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்துவிட்டு விடை சொன்னாள். இரு வாசகங்களும் ஒப்ப மெய்யானவை. பொருள் மாறுபட்டால், உடன்படிக்கை எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த நோக்கத்தைக் கருதி, இரண்டையும் இயன்றவரை இணக்கும் பொருளையே கொள்ள வேண்டும்.

"நல்ல நியமமுங்க," என்று அவர் அமர்ந்தார்.

அந்த விதியை இப்போது எடுத்துச் சொல்ல வாய் திறந்தவள், சொல்லாமல் மூடிக்கொண்டாள். தன் வழக்கில் தானே நடுவராதல் ஆகாது என்பதும் அவள் கற்பித்த விதிதான். தாயருகே போய் அமர்ந்தாள்.

"அம்மா, அப்பா எந்தப் பாஷையில சொன்னாரு?"

சரஸ்வதியம்மாள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். தாடையோடு சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியைப் பார்த்தாள்.

"அதெப்படிக் கண்ணு எனக்குத் தெரியும்? மூச்சுலதான் சொன்னாரு."

வெளியே பதிகம் ஓதிக்கொண்டிருந்த முதியவர்களும் நிறுத்திவிட்டிருந்தார்கள். காளிச்சாமி மெல்ல எழுந்து வாசற்படிக்கு வந்தார்.

"அன்னிக்கு வாயனசாலையில என்னமோ சொன்னியே அம்மிணி. ரெண்டு எழுத்தும் மெய்யின்னு வெச்சுக்கிட்டுத்தான் பாக்கோணும்னு."

"நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சனுங்க பெரியப்பா."

"கண்ணத்தான் மூடியிருந்தன்." அவர் ஒரு கையால் நிலையைப் பற்றிக்கொண்டார். "எதுக்குச் சொன்னாங்கன்னு பாக்கோணும்னயே. என்ற தம்பி எதுக்குச் சொல்லியிருப்பான்? உனக்கு ஒரு கொறையும் வந்தறக் கூடாதுன்னுதான். நேரமோ உரிமையோ, எடங் குடுத்தாத்தானே ரெண்டும்?"

"அப்பச் சட்டிய யாரு எடுக்கறதுங்க?" என்றார் ராஜசேகர்.

"அதுக்குப் பொழுதிருக்குது. எல்லாரும் சித்த வெளிய வாங்க. புள்ள அப்பங்கூட இருக்கட்டும்."

ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சரஸ்வதியம்மாள் கடைசியாக எழுந்தாள். எழும்போது கணவனின் வேட்டி மடிப்பு ஒன்றை நீவிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தப்பட்டதும் நர்மதா தந்தையின் அருகே நெருங்கி அமர்ந்தாள். நெற்றியில் இட்ட திருநீறு உலர்ந்து, ஒரு துகள் இமைமேல் உதிர்ந்திருந்தது. அதை விரல் நுனியால் எடுத்தாள். சில்லென்றிருந்த அவர் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, அது சூடேறும் என்பதுபோல் இருந்தாள். கதவை யாரும் தட்டவில்லை.

அவள் வெளியே வந்தபோது சட்டியில் கங்கு கனன்றுகொண்டிருந்தது. காளிச்சாமி அதை எடுத்துத் தம் மகனின் கையில் கொடுத்தார். நர்மதா அதைக் கண்டாள். சங்கு முழங்கப் பாடை எழுந்தது.

வாய்க்கால் பாலத்தருகே பாடையை இறக்கினார்கள். பெண்கள் அதுவரைதான் வருவார்கள். பாடையைச் சுற்றி வந்து வணங்கி, ஒருவரையொருவர் பற்றியபடி ஒதுங்கி நின்றார்கள். சரஸ்வதியம்மாள் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். ஆண்கள் பாடையைத் தோளேற்றினார்கள்.

முன்னே பாலத்தைக் கடந்து நின்ற அருள்குமார் நகரவில்லை.

"என்றா அருளு? நடறா," என்றார் ராஜசேகர்.

"கயிறு கைய அறுக்குதுங்க."

அவன் திரும்பிப் பார்க்காமலே சட்டியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு தன் வலப்பக்கம் இன்னொருவர் நடக்க இடம் விட்டு, இரண்டடி இடப்பக்கம் தள்ளி நின்றான். காளிச்சாமி தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜசேகர் அவரைப் பார்த்தார்; மேல்துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார்.

மணிக்கட்டில் இருந்த தாயின் பிடி தளர்ந்தது.

பாலத்துக்கு அப்பால் வண்டித்தடம் இரு கோடாகத் தோப்பினுள் நீண்டது. இடத்தடத்தில் அருள்குமார் நின்றான். வலத்தடம், மாலை வெயில் விழுந்து, யாரும் மிதிக்காமல் கிடந்தது.